வெள்ளைச் சிமெண்ட்டும் பதினஞ்சு செகண்டும்

குமராட்சிப் பக்கம் பல் வைத்தியம்னா ரொம்ப நாளா மூணே கட்டம் தான். முதல்ல கிராம்பு. அடங்கலைன்னா மெடிக்கல் ஷாப் மாத்திரை. அதுக்கும் அடங்கலைன்னா சிதம்பரத்துக்கு பஸ் ஏறிப் போய் புடுங்கிட்டு வர்றது. நடுவுல அடைக்கிறதுன்னு ஒரு கட்டம் இருக்குறதை நினைச்சுப் பாக்குறவங்க கம்மி. நினைச்சுப் பாத்துப் போறவங்களும் டாக்டர்கிட்ட கேக்குற ஒரே கேள்வி, "வெள்ளையா வைப்பீங்களா, கருப்பா வைப்பீங்களா?"

இந்தக் கேள்வியே தப்புங்கிறது என் கட்சி. கலர் கடைசி விஷயம். வைக்கிறதுக்கு முன்னாடி பல்லை எப்படித் தயார் பண்றாங்கங்கிறதுல தான் எல்லாமே இருக்கு.

பழைய வெள்ளி அடைப்பு, அதாவது அமால்கம், பல்லோட ஒட்டவே ஒட்டாது. எடையில பாதி பாதரசம், மீதி வெள்ளி, தகரம், செம்பு. ஒட்டாத சாமானை நிக்க வைக்கணும்னா குழியைத் தான் அதுக்கேத்த மாதிரி வெட்டணும். அடி சமதளமா, குறைஞ்சது ஒண்ணரை ரெண்டு மில்லிமீட்டர் ஆழம், வாய் குறுகி உள்ளே அகலமா. ஊறுகாய் ஜாடி மாதிரின்னு வச்சுக்குங்க. அமெரிக்காவுல ஜி.வி. பிளாக்னு ஒருத்தர் 1908-ல எழுதின புத்தகம் தான் இதுக்கு வேதம். நாளைக்கு சொத்தை வரக்கூடிய பக்கத்துப் பள்ளத்தையும் இன்னைக்கே சேர்த்து வெட்டிடுங்கன்னு அவர் சொன்னார். அந்தக் காலத்துல இருந்த சாமானுக்கு அது நியாயம் தான். ஆனா சொத்தை அரிசி அளவு இருந்தாலும் குழி துவரம்பருப்பு அளவுக்குப் போயிடும்.

இதை மாத்துனவர் மைக்கேல் புவனகோர் (தமிழ்ப் பேர் மாதிரியே இருக்குல்ல :-) ). பெயிண்ட் நல்லாப் பிடிக்கணும்னு தொழிற்சாலையில உலோகத்தை பாஸ்பாரிக் அமிலம் போட்டுத் தயார் பண்றதைக் கவனிச்சு, பல் எனாமலுக்கும் அதையே செஞ்சா என்னன்னு 1955-ல பண்ணிப் பார்த்தார். அமிலம் பட்ட எனாமல் கண்ணுக்குத் தெரியாத அளவுல சொரசொரப்பாகுது. அந்தச் சந்துகள்ல ரெசின் இறங்கி இறுகுனா பிடிச்சுக்குது. 1962-ல ரஃபேல் போவன் அதுக்கேத்த ரெசினுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னைக்கு நாம வெள்ளைச் சிமெண்ட்னு சொல்ற காம்போசிட் அந்த வம்சம் தான்.

ஒட்டுற சாமான் வந்தாச்சுன்னா ஜாடி வெட்ட வேண்டியதே இல்லை. சொத்தையை மட்டும் எடுத்தாப் போதும். ஓரங்கள் நல்ல கெட்டியான எனாமல்ல முடியணும், உள்மூலைகள் கூரா இல்லாம உருண்டையா இருக்கணும், முன்பல்லா இருந்தா ஓரத்தை லேசாச் சாய்ச்சுச் சீவணும். அவ்ளோ தான். ஆழமான சொத்தையில நரம்புக்குப் பக்கத்துல எல்லாத்தையும் சுரண்ட வேணாம், கொஞ்சம் விட்டு மேல இறுக்கமா மூடுங்கன்னு 2016-ல ஒரு சர்வதேச நிபுணர் குழுவே சொல்லிடுச்சு.

அப்புறம் தான் வேலையே இருக்கு. 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல் எனாமல்ல முப்பது செகண்ட் வரைக்கும் இருக்கலாம். உள்ளே இருக்குற டென்டின்ல பதினஞ்சு செகண்ட் தாண்டக் கூடாது. கழுவணும். கழுவிட்டு டென்டினை ஒரேயடியா ஊதிக் காய வச்சா உள்ளே இருக்குற கொலாஜன் நார் படுத்துடும், பசை இறங்காது. தண்ணி தேங்குற அளவுக்கு ரொம்ப ஈரமா விட்டாலும் பிடிக்காது. (அமிலமும் பசையும் ஒண்ணாவே வர்ற ரகமும் இருக்கு. அதுல கழுவுற வேலை இல்லை.) பசை போட்டு நீல விளக்கு, அப்புறம் சிமெண்ட்டை ரெண்டு ரெண்டு மில்லிமீட்டரா அடுக்கி ஒவ்வொண்ணுக்கும் விளக்கு. இறுகும்போது கன அளவுல ரெண்டு மூணு சதவீதம் சுருங்கும். மொத்தமா அமுக்குனா ஓரத்துல இழுத்துக்கிட்டு இடைவெளி விடும். இத்தனைக்கும் நடுவுல ஒரு சொட்டு எச்சிலோ ரத்தமோ பட்டா, திரும்ப முதல்லேர்ந்து. அதுக்குத் தான் பல்லைச் சுத்தி ரப்பர் விரிப்பு கட்டுறது. ரப்பர் டேம்னு பேரு.

எங்க தொழில் பாஷையில சொன்னா அமால்கம் எந்தத் தப்பான இன்புட் குடுத்தாலும் கிராஷ் ஆகாத பழைய கோட். காம்போசிட் நல்ல கோட், ஆனா என்விரான்மெண்ட் சரியா இல்லைன்னா கவுந்துடும். அதுவும் அன்னைக்கே கவுறாது. அழகா வெள்ளையாத் தெரியும், அடியில ஓரமாச் சொத்தை ஓடிக்கிட்டிருக்கும். கடைவாய்ப் பல்லுல ரெண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் 2014-லயும் 2021-லயும் சொன்னது, காம்போசிட் தோத்துப் போற வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னு. (அந்த ஆய்வுகள் அவ்வளவு உறுதியானவை இல்லைன்னும் சேர்த்தே சொல்லியிருக்காங்க.)

இதெல்லாம் குமராட்சிக்கு எதுக்கு? பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018-ல ஏத்துக்கிச்சு. 2025 நவம்பர்ல ஜெனீவாவுல கூடுன நாடுகள் 2034-க்குள்ள பல்லுக்கு அமால்கம் வைக்கிறதையே நிறுத்துறதுன்னு முடிவு பண்ணியாச்சு. சூழலுக்கு நல்ல முடிவு, எனக்கு அதுல சண்டை இல்லை. ஆனா அமால்கம் தான் ஏழைகளோட அடைப்பு. விலை குறைவு, கூட்டத்துலயும் அவசரத்துலயும் ஈரத்துலயும் தாக்குப் பிடிக்கும். அதை எடுத்துட்டு அதே கூட்டத்துல, அதே அவசரத்துல, உதவிக்கு ஆள் இல்லாத டாக்டர் கையில காம்போசிட் டியூபை மட்டும் குடுத்தா என்ன ஆகும்? நடவு வேலைக்குப் போற அம்மா ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்து அடைச்சுட்டுப் போவாங்க. ரெண்டு வருஷத்துல திரும்ப வலி. "அடைச்சாலும் நிக்காது, புடுங்கிடுறது தான் நல்லது"ன்னு தெரு பூரா பேச்சு. மறுபடி கிராம்பு, மாத்திரை, பஸ்.

நம்ம பக்கத்துக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. 1980-ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்ச ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி சிதம்பரத்துலயே இருக்கு. 2021-ல அது அரசு சுகாதாரத் துறைக்கே வந்துடுச்சு. பல் மருத்துவக் கல்லூரியே இல்லாத மாவட்டங்களை நினைச்சுப் பாருங்க. அங்கெல்லாம் 2034-க்கு முன்னாடி அரசு வாங்க வேண்டியது சிமெண்ட் மட்டும் இல்லை. ரப்பர் டேம், விளக்கோட வெளிச்சம் சரியா இருக்கான்னு பாக்குற மீட்டர், எச்சில் உறிஞ்சிப் பிடிக்க ஒரு ஆள், ஒரு பல்லுக்கு முக்கால் மணி நேரம். இது முடியாத இடத்துல வெட்கப்படாம கிளாஸ் அயனோமர் வைக்கலாம். அமிலக் குளியல், நீல விளக்கு இல்லாமலே பல்லோட தானா ஒட்டும், கொஞ்சம் ஈரம் தாங்கும். தேய்மானம் அதிகம் தான், ஆனா பல் வாயில இருக்கும்.

காசு குடுத்து தனியார்ல போறவங்க அடுத்த தடவை கலரைக் கேக்காம, "ரப்பர் டேம் போடுவீங்களா, எவ்வளவு நேரம் ஆகும்"னு கேளுங்க. பத்து நிமிஷம்னு பதில் வந்தா வேற கிளினிக் பாக்கலாம்.

பி.கு: வாயில ஏற்கனவே நல்லா இருக்குற வெள்ளி அடைப்பை பாதரசப் பயத்துல நோண்டி எடுக்காதீங்க. அமெரிக்க எஃப்.டி.ஏ. 2020-ல சொன்னதும் இது தான். எடுக்கும்போது தான் பாதரச ஆவி கூடுதலா வரும், கூடவே கொஞ்சம் நல்ல பல்லும் போகும்.