கையடங்கும் ஆடம்பரம்

“ஆடம்பரம்” என்ற சொல்லை எங்கள் வீடுகளில் நாம் நீதியாகப் பயன்படுத்துகிறோமா? ஒரே ஓர் இரவுக்காக மண்டபம் எடுத்து, மேடை சோடித்து, மறுநாள் அத்தனை பூவையும் குப்பையில் கொட்டுகிறோம். அதற்குப் பெயர் கலியாணச் செலவு. இரண்டு வருடத்தில் பழசாகிப் போகும் கைத்தொலைபேசியைத் தவணைக் காசுக்கு வாங்குகிறோம். அதற்குப் பெயர் அவசியம். ஆனால் கையால் உழைக்கும் ஒருவர், தினமும் தான் பிடிக்கப்போகும் ஒரு கருவியைச் சற்று நல்லதாக, அழகானதாகப் பார்த்து வாங்கிவிட்டால், “இதெல்லாம் தேவையா?” என்று வீடே கேட்கிறது.

எங்கள் குடும்பத்திலும் இந்தக் கேள்வி எழுந்தது. என் மாமா எல்கடுவையில் மரவேலை செய்யும் பாஸ். கதவு, ஜன்னல், அலுமாரி, கூரை வேலை எல்லாம் செய்வார். கட்டாரில் இருக்கும் கூட்டாளி ஒருவரிடம் சொல்லி ஒரு சிறிய சீவுளியை எடுப்பித்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் வெண்கலச் சீவுளி அது. விலையைக் கேட்டதும் மாமி, “இந்தக் காசுக்கு ஒரு வோஷிங் மெஷின் எடுத்திருக்கலாமே” என்றார்.

மாமி சொன்னதை நான் இலேசாகத் தள்ளிவிடமாட்டேன். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியை நாம் எவரும் மறக்கவில்லை. காஸ் வரிசையில் நின்றவர்களுக்குத்தான் ஒவ்வொரு ரூபாயின் எடையும் தெரியும். வீண்விரயம் கூடாது என்று மார்க்கமும் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறது. சாப்பாட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உரிய காசில் கைவைத்து அந்தச் சீவுளியை வாங்கியிருந்தால், மாமியின் பக்கம்தான் நானும் நின்றிருப்பேன். மாமா அப்படிச் செய்யவில்லை. வழமையான வேலை முடிந்த பிறகு செய்த சின்னச் சின்ன வேலைகளின் கூலியை இரண்டு வருடம் ஒதுக்கி வைத்து வாங்கினார். ஆகவே கேள்வி வேறு. தனக்கென்று ஒதுக்கிய காசில் ஒரு தொழிலாளி அழகான கருவி வாங்குவது வீண்விரயமா?

முதலில் அந்தக் கருவி ஏன் அவ்வளவு விலை என்று பார்க்க வேண்டும். அது அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 1981ஆம் ஆண்டு தொடங்கிய லீ-நீல்சன் பட்டறையில் செய்தது. ஸ்டான்லி கம்பனி ஒரு காலத்தில் செய்து, பிறகு கைவிட்ட சிறிய சீவுளி ஒன்றை வெண்கலத்தில் மீண்டும் செய்ததுதான் அந்தப் பட்டறையின் முதல் வேலை. சீவுளியின் அடிப்பக்கம் கண்ணாடி போல மட்டமாக இருக்க வேண்டும். அலகு தடித்ததாகவும், அது அமரும் இடம் துளியும் ஆடாததாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலகு அதிரும்; பலகையில் வரி வரியாகத் தழும்பு விழும். மலிவான சீவுளிகளில் குறைவது இந்த நுட்பம்தான். பலகையின் தலைப்பக்கத்தில் நார்கள் குறுக்காக வெட்டுப்பட்டிருக்கும். அந்த இடத்தைச் சீவும்போது கருவியின் தரம் தெரிந்துவிடும். மட்டமான அலகு நாரைப் பிய்க்கும். நல்ல அலகு அறுத்துக்கொண்டு போகும். எங்கள் ஊர் மழையையும் பனிமூட்டத்தையும் அறிந்தவர்களுக்கு இன்னொன்றும் விளங்கும். இரும்பு இங்கே சீக்கிரம் துருப்பிடித்துவிடும். வெண்கலத்துக்கு அந்தத் துரு இல்லை.

இவ்வளவும் பயனைப் பற்றிய கதை. அழகைப் பற்றி என்ன சொல்வது? எங்கள் மாத்தளை மாவட்டத்திலிருந்தே எனக்கு எதிராக ஒருவர் சாட்சி கொண்டு வரலாம். ஹபுவிடக் கிராமத்தின் அரக்கு வேலை புகழ்பெற்றது. சூட்டில் இளகிய நிற அரக்கை நூல் போல மெல்லியதாக இழுத்து, மரத்தின் மேல் பதித்து, பெருவிரல் நகத்தால் நறுக்கிக் கோலம் செய்வார்கள். அதற்கு ‘நக வேலை’ என்றே பெயர். அங்கே கருவி என்று கடையில் வாங்குவதற்கு என்ன இருக்கிறது? ஒரு நகம் போதும் என்றால் மாமாவுக்கு மட்டும் எதற்கு வெண்கலம்?

நல்ல கேள்விதான். ஆனால் அந்த நகத்தை யோசித்துப் பாருங்கள். நூல் போன்ற அரக்கைச் சரியான இடத்தில் நறுக்க வேண்டுமென்றால் அந்த நகம் முறிந்தோ மழுங்கியோ இருக்க முடியாது. பாத்திரம் கழுவும்போதும் விறகு தூக்கும்போதும் அதைக் காக்க வேண்டும். காசு கொடுத்து வாங்க முடியாத கருவி அது. ஆனால் கவனம் கொடுத்து வளர்த்த கருவி. நல்ல வேலை விலையுயர்ந்த கருவியைக் கேட்பதில்லை என்பதை ஹபுவிட எனக்குக் கற்றுத் தருகிறது. பேணப்பட்ட கருவியை அது எப்போதும் கேட்கிறது என்பதையும் சேர்த்தே கற்றுத் தருகிறது.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி கனிப்பொருள் ஆய்வாளராக இலங்கையில் பணியாற்றிய காலத்தில், கிராமத்துக் கைவினைகள் அழிந்து வருவதைக் கண்டு அவற்றைப் பதிவு செய்தார். ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற அந்த ஆங்கில நூல் 1908ஆம் ஆண்டு வெளிவந்தது. கண்டி இராச்சியத்தில் பாக்குவெட்டிக்கும் சுண்ணாம்புச் சிமிழுக்கும் கூட வேலைப்பாடு செய்திருந்தார்கள். பாக்கு வெட்டுவதற்கு வேலைப்பாடு எதற்கு? வெட்டுகிற கைக்கும் கண் இருக்கிறது என்று அந்தக் காலத்து மனிதர்கள் நினைத்திருப்பார்கள் போலும். அந்த நூலும் வில்லியம் மொரிஸின் பழைய கையச்சு இயந்திரத்தில் 425 பிரதிகள் மட்டும் அச்சான ஓர் ஆடம்பரம்தான். அந்த ஆடம்பரம் இல்லாவிட்டால் எங்கள் கைவினைஞர்களைப் பற்றிய எத்தனையோ விபரங்கள் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

ஜப்பானின் கதையும் இதோடு சேர்ந்தது. 1876ஆம் ஆண்டு அங்கே பொது இடத்தில் வாள் ஏந்துவது தடைசெய்யப்பட்டது. வாள் செய்த கொல்லர்களுக்கு வேலை இல்லாமல் போனது. அவர்களில் பலர் தச்சரின் உளிக்கும் சீவுளிக்கும் அலகு அடிக்கத் தொடங்கினார்கள். மென்மையான இரும்பின் மேல் கடினமான உருக்கைப் படலமாக இணைக்கும் வித்தை இன்றும் அங்கே இருக்கிறது. ஜப்பானியச் சீவுளியை முன்னே தள்ளுவதில்லை. தன் பக்கம் இழுக்க வேண்டும். வாங்கிய அன்றே அது ஒழுங்காக வேலை செய்யாது. அலகைத் தீட்டி, மரக்கட்டையைச் செதுக்கி, தச்சர் தானே அதைத் தயார் செய்ய வேண்டும். கருவிக்குக் கொடுத்த காசு பாதி விலைதான். மீதியைக் கைப்பழக்கத்தால் கட்ட வேண்டும்.

இங்கேதான் ஆடம்பரத்துக்கும் வீண்விரயத்துக்கும் இடையிலான கோட்டை நான் போடுவேன். கண்ணாடி அலுமாரியில் வைத்து விருந்தாளிக்குக் காட்டுவதற்காகச் சீவுளி வாங்கினால் அது வீண்விரயமே. உலகில் அப்படிச் சேகரிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு சீவலும் வெட்டாத சீவுளி, அது எவ்வளவு பளபளத்தாலும், வெறும் உலோகக் கட்டி. மாமாவின் சீவுளியோ வாங்கிய ஒரு மாதத்தில் பளபளப்பை இழந்துவிட்டது. அவருடைய விரல் படும் இடமெல்லாம் கறுத்திருக்கிறது. அஸருக்குப் பிறகு வேலை முடித்து, அலகைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவித்தான் அதை வைக்கிறார். அதுவரை பட்டறைப் பக்கமே வராத அவருடைய மகன், “வாப்பா, நானும் ஒருக்கா சீவிப் பார்க்கவா?” என்று கேட்டான். வோஷிங் மெஷினைப் பார்த்து எந்தப் பிள்ளையும் அப்படிக் கேட்காது.

இதைப் பெண்பிள்ளைகளாகிய எங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. உண்மையில் இந்த விஷயம் எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் புதிதல்ல. என் உம்மும்மாவிடம் தையல் கத்தரிக்கோல் ஒன்று இருக்கிறது. துணியில் சுற்றி, பெட்டியின் அடியில் வைத்திருப்பார். அதை எடுத்து யாராவது கடதாசி வெட்டினால் அன்றைக்கு வீட்டில் புயல்தான். அந்தக் கத்தரிக்கோலை எவரும் ஆடம்பரம் என்று சொன்னதில்லை. உம்மும்மாவின் கத்தரிக்கோலுக்குக் கொடுத்த மரியாதையை மாமாவின் சீவுளிக்கும் கொடுத்தால் வாக்குவாதமே இருக்காது. இதை மாமியிடம் சொன்னேன். அவர் சிரித்தார், ஆனால் வோஷிங் மெஷினை விட்டுக்கொடுக்கவில்லை. அதுவும் அவருடைய உரிமை. துணி துவைக்கும் கையும் உழைக்கும் கைதானே. மாமா அடுத்ததாக ஒதுக்கும் காசு அதற்குப் போக வேண்டும் என்பதே என் தீர்ப்பு.

எங்களுக்குக் கிடைக்கும் பரிசுகளை எண்ணிப் பாருங்கள். பெருநாளுக்கு உடுப்பு, கலியாணத்துக்குத் தங்கம், பரீட்சையில் சித்தியடைந்தால் கைக்கடிகாரம். தங்கத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறோம், அவசரத்துக்கு அடகு வைக்கிறோம். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் “இதை வைத்து ஏதாவது செய்” என்று சொல்லி எங்கள் கையில் ஒரு பொருளைத் தருகிறவர் யார்? உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013ஆம் ஆண்டிலேயே ஆரம்பித்துவிட்டது. இருந்தும் எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளைக்கு உளியோ சீவுளியோ பரிசாகக் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மாமா ஒரு நாள் என்னிடமும் அந்தச் சீவுளியைத் தந்தார். பலாப் பலகையின் ஓரத்தில் ஒரு தரம் இழுத்தேன். மஞ்சள் நிறத்தில், கடதாசியை விட மெல்லியதாக ஒரு சுருள் எழும்பி வந்தது. அதை என் தமிழ்ப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

ஆகவே அதிபருக்கும் ஆசிரியைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வருடாந்தப் பரிசளிப்பு விழாவில் தருகிற பிளாஸ்டிக் கேடயங்கள் ஒரு வருடத்தில் தூசு பிடித்துவிடுகின்றன. அந்தக் காசை ஒன்றுசேர்த்து, பரிசுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, தையலில் முதலிடம் பெறுபவளுக்கு ஒரு நல்ல கத்தரிக்கோல், சித்திரத்தில் முதலிடம் பெறுபவளுக்கு ஒரு நல்ல தூரிகை, மரவேலை செய்ய ஆசைப்படும் பிள்ளை ஒருத்தி இருந்தால் அவளுக்கு ஒரு சின்னச் சீவுளி என்று கொடுத்துப் பாருங்கள். மழுங்கினால் தீட்டித் தர எல்கடுவையில் என் மாமா இருக்கிறார்.