தெருவுக்கொரு அன்பியம்

கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் நடக்கிறது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீடு மாற்றி வீடு கூடி விவிலியம் வாசிக்கணும், நல்லது கெட்டதுக்கு நிக்கணும். நோக்கம் சரிதான். ஆனால் நம் கிராமத்தில் தெரு என்பதே சாதிதானே தோழர்களே! தெருவை வைத்துப் பிரித்தால் ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று.

எறையூரில் தலித் கிறித்தவரின் பிணத்துக்குப் பாதை தனி, கல்லறை தனி என்றிருந்தது. தனிப்பங்கு கேட்டதற்கு 2008 மார்ச்சில் வீடு புகுந்து அடித்தார்கள். அடித்தவர்களும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான்.

அந்தியோகியாவில் பிற இனத்தாரோடு உண்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆள் வந்ததும் பந்தியிலிருந்து நழுவினார். பவுல் முகத்துக்கு நேரே கண்டித்தார். (கலாத்தியர் 2ஆம் அதிகாரம். எந்தப் பிரசங்கத்தில் கேட்டோம்?) அந்தச் சண்டையே சோத்துப் பந்தியில்தான்.

அடுத்த அன்பியம் சேரியில் கூடட்டும். சோறு நாங்க போடுறோம். ஊர்த்தெருவிலிருந்து எத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிடுறாங்கன்னு பங்குச்சாமியாரே எண்ணட்டும்.