தூஷணத்துக்குத் திரை, சாதி இழிவுக்குத் திறந்த வாசல்!

தோட்டத்தில் வெங்காயத்துக்கு நீர் பாய்ச்சிவிட்டு வந்த தகப்பன் கைகால் கழுவித் திண்ணையிலிருந்து உள்ளே வருகின்றார். கந்தோரிலிருந்து திரும்பிய மகன் நாற்காலியில் சாய்ந்திருக்கின்றான். பாடப் புத்தகத்தை மடியில் வைத்தபடி மகள் நிலத்தில் அமர்ந்திருக்கின்றாள். தமிழகத்திலிருந்து வரும் ‘பிக் பாஸ்’ தொலைக்காட்சியில் ஓடுகின்றது. ஒருவன் இன்னொருவனை நோக்கிச் சீறுகின்றான். ‘பீப்’ என்றொரு கீச்சொலி எழுகின்றது. தகப்பன் தொண்டையைச் செருமுகின்றார். மகள் புத்தகத்தைப் பார்க்கின்றாள். அந்தக் கீச்சொலியின் அடியில் என்ன சொல் கிடந்தது என்பது அவ்வீட்டில் அறியாதார் எவருமிலர்.

அப்படியாயின் அந்த ஒலி யாரைக் காத்தது? எதை மறைத்தது? இக் கேள்வியையே இன்று நாம் எழுப்புகின்றோம்.

இந்த விளையாட்டு தமிழன் கண்டது அன்று. 1999 ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் ‘பிக் பிரதர்’ என்ற பெயரில் தோன்றியது. ஜோர்ஜ் ஓர்வெல் 1949 இல் வெளியிட்ட நாவலில், குடிமக்களை ஓயாது கண்காணிக்கும் கொடுங்கோன்மைக்கு இட்ட பெயர் அது. எச்சரிக்கையாக எழுதப்பட்ட பெயரை வியாபாரச் சின்னமாக மாற்றிய கெட்டித்தனத்தை என்னென்று சொல்வது! சிலரை ஒரு வீட்டில் அடைத்து, இரவும் பகலும் கமராக்களை அவர்கள்மீது திருப்பி, அவர்கள் சண்டையிடுவதைக் காட்டிப் பணம் பண்ணுவதே இதன் தொழில். 2017 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இது தமிழுக்கு வந்தது.

இதை ‘உள்ளதை உள்ளபடி காட்டும் நிகழ்ச்சி’ என்கின்றார்கள். பொய்! இருபத்துநான்கு மணி நேரம் பதிவாகின்றது. நாம் காண்பதோ ஏறத்தாழ ஒரு மணி நேரம். எஞ்சியதை வெட்டி எறிபவன் ஒருவன் இருக்கின்றான். எதை வெட்டுவது, எதை வைப்பது என்று தீர்மானிப்பவன் அவனே. தூஷணம் அவனுக்கு வேண்டாததாயின் முழுக் காட்சியையும் அவன் எறிந்திருக்கலாம். அவன் எறியவில்லை. காட்சியை வைத்துக்கொண்டு சொல்லுக்கு மட்டும் திரை போடுகின்றான். ஆகவே அந்தக் கீச்சொலி அடக்கத்தின் அடையாளம் அன்று. ‘இங்கே தூஷணம் உண்டு, காது கொடுங்கள்’ என்று கடைவாசலில் அடிக்கும் மணி.

இலண்டன் தந்த பாடம்

2007 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சியில் நடந்ததை நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். பிரபலங்களுக்கான ‘பிக் பிரதர்’ வீட்டில் இந்திய நடிகை சில்பா ஷெட்டி இருந்தார். சக போட்டியாளர்கள் சிலர் அவரைச் சூழ்ந்துகொண்டு இழிவுபடுத்தினர். இந்தியரின் சமையலைப் பழித்தார்கள். அவருடைய பெயரோடு ‘பப்படம்’ என்பதை ஒட்டிக் கேலி செய்தார்கள். தூஷணத்தோடு சேர்த்து ‘ஊருக்குப் போகட்டும்’ என்றார்கள். ஒலிபரப்பைக் கண்காணிக்கும் ஒஃப்கொம் சபைக்கு 44,500 க்கு மேற்பட்ட முறைப்பாடுகள் குவிந்தன. நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்த வர்த்தக நிறுவனம் விலகிக்கொண்டது.

ஊருக்குப் போ! இந்த வாக்கியத்தின் பொருளை எந்த ஈழத்தமிழனுக்கும் நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1958 இலும் 1983 இலும் கொழும்பிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் இதனைப் படித்துக்கொண்டிருக்கின்றார்கள். அதில் தூஷணச் சொல்லை நீக்கிவிட்டாலும் நஞ்சு நீங்குவதில்லை என்பதை அவர்கள் அறிவார்கள்.

அவ்வழக்கில் கவனிக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, வீட்டிலிருந்த ஓர் ஆடவன் அந்நடிகையைக் குறித்துச் சொன்ன ஒரு சொல்லைத் தொலைக்காட்சி நிலையம் கீச்சொலியால் மூடியது. மூடப்பட்டது இனத்தைப் பழிக்கும் சொல்லே என்று மக்கள் ஐயுற்றனர். அது இனச்சொல் அன்று, வேறொரு தூஷணமே என்று நிலையமே வெளிவந்து விளக்கம் சொல்ல நேர்ந்தது! தன் திரைக்குத் தானே சாட்சி சொல்லும் நிலை. ஆவணத்தின் ஒரு வரியை மையால் பூசிவிட்டு, ‘அங்கே குற்றமொன்றும் இல்லை, என்னை நம்புங்கள்’ என்று நீதிமன்றத்தில் நிற்பவனை எந்த நீதவான் நம்புவார்? தணிக்கை ஒழுக்கத்தைக் காப்பதாகச் சொல்லிச் சாட்சியத்தை மறைத்தது.

இரண்டாவது, 2007 மே மாதத்தில் வெளியான தீர்ப்பு. ஒளிபரப்பு விதிகளை நிலையம் மீறியது என்று ஒஃப்கொம் கண்டது. அக் கண்டனத்தை நிலையம் தன் திரையிலேயே மூன்று தடவை அறிவிக்க வேண்டும் என்று பணித்தது. இரவு ஒன்பது மணிக்குப் பின்னர் கடுஞ்சொல்லுக்கு அந்நாட்டில் இடமுண்டு. ஆகவே சொல் எது என்பதோடு சபை நிற்கவில்லை. யாரை நோக்கி, எந்தச் சூழலில், எவ்விதம் காட்டப்பட்டது என்று ஆராய்ந்தது. அளவுகோல் அதுவே.

அமெரிக்காவின் உயர் நீதிமன்றமும் 1978 இல் இதையொத்த அளவுகோலையே எடுத்தது. பட்டப்பகலில் வானொலியில் தூஷணச் சொற்கள் அடுக்கடுக்காக ஒலித்ததைத் தன் மகனோடு காரில் சென்ற தகப்பனொருவர் கேட்டு முறையிட்ட வழக்கு அது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நால்வர் மறு பக்கமுமாக நின்றனர். பெரும்பான்மையோர் நேரத்தையும் சூழலையும் கேட்போரையும் நிறுத்துப் பார்த்தே அரசின் கண்டிப்பை ஏற்றனர். சொல்லை மட்டும் பிடித்துத் தூக்கிலிடுவது சட்டமும் அன்று, ஒழுக்கமும் அன்று.

சென்னையில் நடந்தது என்ன?

இனித் தமிழுக்கு வருவோம். 2017 ஆம் ஆண்டின் முதலாவது தமிழ் ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியில் ஒரு போட்டியாளர் இன்னொருவரின் நடத்தையைப் பழிக்க ‘சேரி பிஹேவியர்’ என்றார். தமிழும் ஆங்கிலமும் கலந்த அந்தத் தொடருக்குக் கீச்சொலி எழவில்லை. அது தெள்ளத்தெளிவாக உலகத் தமிழர் வீடுகளுக்குள் நுழைந்தது. வெட்டுபவனின் கத்திரி அங்கே ஏன் உறங்கிற்று? அவனுக்கு அது தூஷணமாகவே படவில்லை, அதுதான் காரணம்!

கண்டனம் எழுந்தது உண்மை. ஆயினும் கண்டனம் எழுந்தது ஒளிபரப்பிய பின்னரே. அந்த அவமதிப்பு எவர்மீது விழுந்தது என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குள் இருந்தவர் மறுமொழி சொல்ல முடியும். கண்ணீர் விட முடியும். பார்ப்போரின் வாக்கையும் பெற முடியும். ஆனால் சேரியில் பிறந்து உழைத்துத் தன் பிள்ளைகளைப் படிப்பித்த தாய் அந்த வீட்டுக்குள் இல்லை. அவள் தன் குடிசையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அங்கே மறுமொழி சொல்ல நாவில்லை. வராத கட்சிக்காரரின்மேல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதன் நடுவே சவர்க்கார விளம்பரமும் காட்டினார்கள்.

தூஷணமல்லாத சொல் என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு சான்று வேண்டுமா? 2010 ஆம் ஆண்டில் இந்தியாவின் ‘ராக்கி கா இன்சாஃப்’ என்ற இந்தி நிகழ்ச்சியில், ஜான்சியைச் சேர்ந்த ஓர் இளைஞரைப் பலர் பார்க்க ‘ஆண்மையற்றவன்’ என்று இழித்தார்கள். சில வாரங்களில் அவர் இறந்தார். அந்த அவமானமே அவரைக் கொன்றது என்று குடும்பத்தார் பொலிசில் முறையிட்டனர். இந்திய அரசு என்ன செய்தது? அந்த நிகழ்ச்சியையும் இந்தி ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியையும் இரவு பதினொரு மணிக்குப் பின்னர் காட்டுமாறு கட்டளையிட்டது. ‘பிக் பாஸ்’ நிலையத்தார் பம்பாய் மேல் நீதிமன்றத்துக்குப் போய் அதற்குத் தடை வாங்கினர். ஒன்பது மணிக்கு ஒரு மனிதனை இழிவுபடுத்துவது குற்றம், பதினொரு மணிக்கு இழிவுபடுத்தினால் குற்றமில்லை என்பது என்ன நியாயம்? கடிகாரத்தைத் திருப்பினால் மானம் மீளுமா?

அரசின் கத்திரி வேண்டாம்

‘அப்படியானால் எல்லாவற்றையும் அரசாங்கம் தணிக்கை செய்யட்டும்’ என்று நம் அன்பர் சிலர் சொல்வர். அவர்களுக்கு நாம் உறுதியாகச் சொல்லுகின்றோம்: வேண்டவே வேண்டாம்! தணிக்கையின் சுவையைத் தமிழன் அறிவான். 1958 இல் தமிழன் வீடு எரிந்தபோது பத்திரிகைத் தணிக்கை வந்தது. எரித்தவனின் கையை அது தடுக்கவில்லை; எரிந்த செய்தியைத்தான் தடுத்தது. ஆளுவோரின் கையிலுள்ள கத்திரி முதலில் தூஷணத்தை வெட்டும். அடுத்து முறைப்பாட்டை வெட்டும். ஈற்றில் முறையிடுபவனின் நாவை வெட்டும்.

1997 இல் ஒலிபரப்பு அதிகாரசபை ஒன்றை நிறுவ அரசாங்கம் மசோதாக் கொண்டுவந்தபோது நமது உயர் நீதிமன்றம் அதனை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்த்தது. அரசாங்கத்தின் பிடிக்குள் இருக்கும் சபை மக்களின் பேச்சுரிமைக்குக் காவலாக முடியாது என்பதே அத் தீர்ப்பின் உயிர்நாடி. சட்டம் பயிலும் ஒவ்வொரு தமிழ் இளைஞனும் அதனைப் படிக்க வேண்டும்.

எனவே நாம் கேட்பது கத்திரியை அன்று, பொறுப்பை. நமது கோரிக்கைகள் நான்கு.

ஒன்று: பதிவிலிருந்து தேர்ந்தெடுத்துக் காட்டும் நிலையம், அக் காட்சிக்குத் தானே முழுப் பொறுப்பு என ஏற்க வேண்டும். ‘போட்டியாளர் சொன்னார், நாம் காட்டினோம்’ என்ற சாட்டுச் செல்லாது. அவதூற்றைச் சொன்னவன் மட்டுமன்றி, அதை அச்சேற்றியவனும் சட்டத்தின்முன் பொறுப்பாளி அல்லவா?

இரண்டு: சாதி, இனம், பெண்மை, உடற்குறை ஆகியவற்றை இழித்துரைப்பது தூஷணத்திலும் பெருங்குற்றமாக ஒளிபரப்பு விதிகளில் எழுதப்பட வேண்டும்.

மூன்று: அரசாங்கத்துக்கும் நிலையங்களுக்கும் கட்டுப்படாத சபையொன்று முறைப்பாடுகளை விசாரித்து, காரணங்காட்டித் தீர்ப்பளித்து, அத் தீர்ப்பை வெளியிட வேண்டும்.

நான்கு: குற்றம் நிரூபணமானால் அந்த நிலையம் அதே நேரத்தில், அதே திரையில் அதனை அறிவிக்க வேண்டும். இழிவு எங்கு ஒலித்ததோ அங்கேதான் கண்டனமும் ஒலிக்க வேண்டும்.

நம் வீட்டுக் கணக்கு

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கும். ஆயினும் சொல்லாது விடோம். சில்பா ஷெட்டியை வெள்ளையர் இழித்தபோது நம்மவர் கொதித்தார்கள். இலண்டனில் வாழும் நம் உறவினரும் கொதித்தார்கள். நன்று. ‘சேரி பிஹேவியர்’ என்ற தொடர் நம் கூடத்துக்குள் ஒலித்தபோது நம்மில் எத்தனை பேர் கொதித்தோம்? எத்தனை பேர் தலையை ஆட்டிச் சிரித்தோம்?

யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘சேரி’ என்ற சொல் அருகிய வழக்கு. ஆனால் அதன் வேலையைச் செய்யும் சொற்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஒரு குறிச்சியின் பெயரைச் சொல்லும் தொனியிலேயே ஒரு மனிதனை இழித்துவிடும் வித்தையை நாம் அறிவோம். மங்கலப் பேச்சில் ‘எந்தப் பகுதி?’ என்று மெல்லக் கேட்கும் கேள்விக்கு எந்தக் கீச்சொலி எழும்? 1957 ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதியின் பேரால் பொது இடங்களில் தடைபோடுவதைக் குற்றமாக்கியது. அச் சட்டம் வந்து பதினொரு ஆண்டுகள் கழிந்த பின்னரும் 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் சக தமிழன் வெளியே நிறுத்தப்பட்டான். நிறுத்தியவர் சிங்களவர் அல்லர். அவர்களில் படித்தவரும் இருந்தனர். தூஷணம் பேசும் பிள்ளையின் வாயில் அடிக்கும் ஒழுக்கசீலரும் இருந்தனர். வாய் சுத்தம், வாசல் அடைப்பு!

‘ஊருக்குப் போ’ என்று பிறன் சொல்லும்போது எரியும் நெஞ்சு, ‘உன் குறிச்சிக்குப் போ’ என்று நாம் சொல்லும்போது எரியவில்லையாயின், அது மானமன்று, வெறும் வீம்பு. உரிமை கேட்கும் இனம் தன் வீட்டுக்குள் உரிமை மறுத்தால், அதன் வழக்கு முதல் விசாரணையிலேயே தோற்கும். எதிர்க்கட்சியின் நியாயவாதி நம்மிடம் கேட்கக்கூடிய கேள்வியை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்வது நன்று.

ஆகவே தமிழ்ப் பெற்றோரே, ஆசிரியர்களே, கமக்காரரே, கந்தோர் ஊழியரே! கீச்சொலி எழும்போது நீங்கள் செருமுவதை நாம் குறைகூறவில்லை. பிள்ளைகளின் காதில் தூஷணம் விழக்கூடாதென்ற உங்கள் கூச்சம் நல்ல கூச்சமே. அதே கூச்சம் கீச்சொலி எழாத இடத்திலும் உங்களுக்கு வரவேண்டும். ஒரு மனிதனின் பிறப்பை, நிறத்தை, குறிச்சியை, உடலை எவரேனும் இழிக்கும்போது தொலைக்காட்சியை நிறுத்துங்கள். நிறுத்தியதோடு விடாதீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். நிலையத்துக்கும், அந்நிகழ்ச்சிக்குப் பணங்கொடுக்கும் வர்த்தகனுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். இலண்டனில் வர்த்தகன் விலகியது அறத்துக்கு அஞ்சியோ, வாடிக்கையாளருக்கு அஞ்சியோ, நாம் ஆராய வேண்டியதில்லை. மக்கள் பேசினார்கள், அவன் விலகினான்.

தூஷணம் வாயிலிருந்து பிறக்கின்றது, கழுவினால் போகும். இழிவு நெஞ்சிலிருந்து பிறக்கின்றது. அதனை வெட்டும் கத்திரி எந்த நிலையத்திடமும் இல்லை, எந்த அமைச்சரிடமும் இல்லை. அது நம்மிடமே இருக்கின்றது. எடுப்போமா?