வசனமும் அதன் வேளையும்

காரைதீவை ஒட்டிக் கிடக்கும் சாய்ந்தமருதில், 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவு ஒரு வீட்டில் குண்டுகள் வெடித்து, 6 சிறுவர் உட்பட 15 பேர் மாண்டனர். மாண்டோரிற் பெரும்பாலோர் உயிர்த்த ஞாயிறு படுகொலையாளரின் உறவினரும் கூட்டாளிகளுமாவர். அவ்வீட்டைப் பற்றி முதலில் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே என்பதைப் பலர் வசதியாக மறந்துவிட்டனர்.

அந்த அச்சத்தின் நீட்சியாகவே, 2022இல் இஸ்லாம் பாடநூல்கள் சிலவற்றை மீளப் பெறக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் முனைந்தது. குறையிருப்பின் திருத்துவதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் வகுப்பறையிலிருந்து அகற்றப்படும் வசனம், முன்பின் ஏதுமின்றி, மாணவனின் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்கிறது.

அல்குர்ஆனின் 9ஆம் அத்தியாயத்து 5ஆம் வசனம் அத்தகையது. தீவிரவாதிகளும் இஸ்லாத்தை வெறுப்போரும் அதனை ஒரே விதமாகத் தனித்தெடுத்துக் காட்டுவர். உடன்படிக்கையை முறித்த அரபு இணைவைப்பாளர் தொடர்பில் அருளப்பட்டது என்பதே விரிவுரையாளர் பலரின் விளக்கம். முந்திய வசனம் உடன்படிக்கையைக் காத்தோருக்கு விலக்களிக்கிறது. பிந்தியது, அடைக்கலம் கேட்பவனைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்கப் பணிக்கிறது. மூன்றையும் சேர்த்துப் படிக்க ஒரு பாடவேளை போதும். வரலாற்றைக் கொண்டுவந்தால் வேதம் பழங்கதையாகிவிடும் எனச் சில ஆலிம்கள் அஞ்சுவதை நாம் அறிவோம். ஆயினும், வசனங்கள் இறங்கிய காரணங்களைத் தொகுத்து ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டிலேயே அல்வாஹிதி தனிநூல் செய்தாரே! வாக்குத் தவறாமை என்ற நீதி அந்த வரலாற்றினாலன்றோ துலங்குகிறது?

இது முஸ்லிம்களுக்கு மட்டுமுரிய சிக்கலன்று. அறத்தை மனு முதலியோரின் விதிகளோடு பொருத்தியே பரிமேலழகர் திருக்குறளுக்கு உரை வகுத்தார். அது அவர் காலத்துப் பார்வை. உரையையும் மூலத்தையும் பிரித்துக் காட்டாத ஆசிரியர், குறளோடு வருணத்தையும் சேர்த்தே கற்பித்துவிடுகிறார். காரைதீவின் மைந்தர் சுவாமி விபுலாநந்தரோ, சிலப்பதிகார அரங்கேற்று காதையை அக்கால இசைமரபோடு வைத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். நரம்புக் கருவிக்கு வாய்த்த அந்தப் பொறுமை, பிள்ளைகளின் அறநெறிப் பாடத்துக்கு வாய்க்கவில்லை.

சமயம் எமது பாடசாலைகளில் கட்டாய பாடம். பரீட்சையோ மனனத்தையே பெரிதும் கேட்கிறது. யாருக்கு, எப்போது, ஏன் கூறப்பட்டது என்று கேட்பது அரிது. வினாத்தாள் மாறாமல் கற்பித்தல் மாறாது. தேசிய கல்வி நிறுவகமும் பரீட்சைத் திணைக்களமும் அங்கிருந்தே தொடங்கட்டும்.