கணக்குக்கு முந்திய ஒழுங்கு

விழா மலரிலே தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுந்தால், இலக்கிய நயம் பேசுவான், அன்றேல் சமய நெறி பேசுவான் என்று எதிர்பார்த்தல் இயல்பே. யானோ இரும்புக் குழாய்களைப் பற்றிச் சில கூறத் துணிந்தேன். அன்பர்கள் பொறுத்தருள்க.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இன்று வளைகுடா நாடொன்றிலே பொறியியலாளராக இருக்கின்றார். எண்ணெய் ஆலைகளிலும் மின்னிலையங்களிலும் ஓடும் குழாய்கள் தம்மேல் வரும் பாரத்தையும் வெப்பத்தையும் அமுக்கத்தையும் தாங்குமா என்று கணித்தறிவது அவர் தொழில். குழாய்த் தகைப்பு ஆய்வு என்பது அதன் பெயர். சென்ற விடுமுறையில் என்னைக் காண வந்த அவர், "ஐயா, கணக்கைக் கணினி செய்துவிடும். அதற்குக் கொடுக்கவேண்டிய தரவுகளைத் தேடி ஒழுங்குபடுத்துவதே எங்களுடைய பெரும்பாடு. அந்தப் பழக்கத்தைப் பாடசாலையிலே யாரும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை" என்றார். அக்குறை என்னையும் சாருமன்றோ? அதுவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

குழாய்க்குத் தகைப்பு வருவது எங்ஙனம்? உருக்கு சூடேறினால் நீளும். 100 மீற்றர் நீளமுள்ள உருக்குக் குழாயின் வெப்பநிலை 100 பாகை செல்சியஸ் உயருமாயின், அது ஏறத்தாழ 120 மில்லிமீற்றர், அஃதாவது அரைச் சாணுக்குச் சற்று மேலாக, நீளும். நீள இடமிருந்தால் தீங்கில்லை. இரு முனையும் அசையாதபடி இறுக்கப்பட்டிருப்பின், குழாய் வளையும். அன்றேல் தான் சேர்ந்திருக்கும் இயந்திரத்தின் வாயை நெரிக்கும்.

இது பேராலைகளுக்கு மட்டும் உரிய செய்தியன்று. யான் முன்னர்க் கற்பித்த பாடசாலை ஒன்றிலே நீர்த்தொட்டியிலிருந்து வகுப்பறைச் சுவரோரமாக ஏறத்தாழ 30 மீற்றர் நீளத்துக்குப் பி.வி.சி. குழாய் ஒன்று போயிற்று. இரு முனையும் சீமெந்தினால் இறுக்கப்பட்டிருந்தன. ஆண்டுதோறும் கோடையிலே அதன் மூட்டு வெடிக்கும். ஆண்டுதோறும் பசையிட்டு ஒட்டுவார்கள். எப்போது வெடித்தது, எந்த இடத்தில் வெடித்தது, என்ன செய்து திருத்தினார்கள் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. பி.வி.சி. உருக்கைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு விரிவது. விடியலுக்கும் நண்பகலுக்கும் 25 பாகை வேறுபாடு என்று கொண்டால், அக்குழாய் ஏறத்தாழ 45 மில்லிமீற்றர் நீள முயன்றிருக்கும். நீளம், வெப்பநிலை, வெடித்த நாள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதியிருந்தால், ஆறாம் வகுப்பு மாணவனும் காரணத்தை ஊகித்திருப்பான். எழுதாமையினாலே பிள்ளைகள் கோடைதோறும் வாளி சுமந்தார்கள்.

அங்கே போனது தண்ணீர். உயிர் போன இடமும் உண்டு. இங்கிலாந்திலே பிளிக்ஸ்பரோ என்னும் ஊரிலிருந்த இரசாயன ஆலையிலே, வரிசையாக நின்ற ஆறு கலன்களுள் ஐந்தாவதில் வெடிப்புக் காணப்பட்டது. அதனை அகற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் 20 அங்குலக் குழாய் ஒன்றினால் இணைத்தார்கள். கலன்களின் வாயோ 28 அங்குலம். அவை நின்ற மட்டங்களும் வேறு வேறு. ஆகவே குழாயை வளைத்து, இரு முனையிலும் துருத்தி போன்ற நெகிழ் இணைப்புக்களை வைத்தார்கள். அதற்கென வரையப்பட்ட படம் யாது தெரியுமா? பட்டறைத் தரையிலே சுண்ணக்கட்டியால் கீறிய கோடுதான். வளைந்த குழாயை உள்ளமுக்கம் எவ்வாறு முறுக்கும் என்று எவரும் கணக்கிடவில்லை. துருத்தியைச் செய்தவர்கள் வெளியிட்டிருந்த வழிகாட்டி நூலையும் எவரும் புரட்டவில்லை. 1974ஆம் ஆண்டு யூன் 1ஆந் திகதி அவ்விணைப்பு முறிந்தது. வெளியேறிய ஆவி தீப்பற்றி வெடித்ததில் 28 பேர் மாண்டனர். வேண்டிய செய்திகள் உலகில் இல்லாமற் போகவில்லை. அவற்றை ஓரிடத்தில் கூட்டி வைத்துப் பார்ப்பாரே இல்லாமற் போயினர்.

நிற்க. அவ்வொழுங்குதான் யாது? என் மாணவர் சொல்லக் கேட்டவற்றை என் மொழியிலே தருகின்றேன்.

முதலாவது, பெயர். ஒரு குழாய்க்கு ஒரு பெயரே இருத்தல் வேண்டும். எல்லாப் படங்களிலும் பட்டியல்களிலும் அதுவே வழங்கல் வேண்டும். குழாய் திரும்பும் இடம், தாங்கி நிற்கும் இடம், அடைப்பான் இருக்கும் இடம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கணு. கணுக்களுக்கு 10, 20, 30 என்று இடைவிட்டு எண் கொடுப்பார்கள்; பின்னர் ஒன்று புகவேண்டின் ஏனையவற்றைக் குலைக்காமல் 15 என்று புகுத்தலாம்.

இரண்டாவது, அலகு. நம் இரணைமடுக் குளத்து நீரை விவசாயிகள் அடியிலும் ஏக்கர் அடியிலும் சொல்வார்கள். குழாய்த் திட்டம் தீட்டுவோர் கன மீற்றரில் சொல்வார்கள். ஓர் ஏக்கர் அடி ஏறத்தாழ 1,233 கன மீற்றர். அலகில்லாத எண் ஊர்ப்பெயர் இல்லாத முகவரி போன்றது. 1999இல் செவ்வாய்க் கிரகத்துக்கு அமெரிக்கர் அனுப்பிய விண்கலம் ஒன்று, ஒரு சாரார் இறாத்தலிலும் மறு சாரார் நியூற்றனிலும் கணக்கிட்டமையால் அழிந்துபோயிற்று.

மூன்றாவது, மூலம். இந்த வெப்பநிலையைத் தந்தவர் யார்? எந்தத் திகதியிட்ட, எத்தனையாவது திருத்தப் படத்திலிருந்து இந்த நீளம் எடுக்கப்பட்டது? இவை எண்ணின் அருகிலேயே இருத்தல் வேண்டும். படம் திருந்தும்போது எந்த எண்கள் பழுதாயின என்று உடனே தெரியும்.

நான்காவது, நிலைமை. ஆவி ஓடும் குழாய் வேலைசெய்யும்போது இலேசானது. சோதனைக்காக நீர் நிரப்பும்போது மிகக் கனமானது. வேலை நிலை, வடிவமைப்பு நிலை, சோதனை நிலை என மூன்றையும் தனித்தனியே எழுதாமல் ஒன்றாகக் குழைத்தால் விடை பிழைக்கும்.

ஐந்தாவது, நேர்மை. தெரியாததைத் தெரியாது என்றும், ஊகித்ததை ஊகம் என்றும் குறித்தல் வேண்டும். வெற்றிடம் வேறு, பூச்சியம் வேறு. வெற்றிடத்திற் பூச்சியம் இட்டவன் பொய் சொன்னவனாகிறான்.

இவற்றைக் கேட்டபோது எனக்கு வியப்பு உண்டாகவில்லை. பழைய உறவினரைக் கண்ட மகிழ்ச்சியே உண்டாயிற்று. ஏடு தேடிப் பதிப்பித்த நம் பெரியோர் செய்ததும் இதுவேயன்றோ? சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடங்களை ஆராய்ந்தார்கள். புறநானூற்றிலே 267ஆம், 268ஆம் பாட்டுக்கள் கிடைக்கவில்லை. அவ்வெண்கள் வேறு பாட்டுக்களுக்குக் கொடுக்கப்படவில்லை. அவற்றின் இடம் இன்றும் வெறுமையாகவே இருக்கின்றது. சிதைந்த அடிகள் புள்ளியிட்டுக் காட்டப்பட்டன. சொந்தக் கவியினால் நிரப்பப்படவில்லை. பொறியியலாளன் கணு எண்ணைக் காப்பதும் பதிப்பாசிரியன் பாட்டெண்ணைக் காப்பதும் ஒரே அறத்தின் இரு முகங்களாம்.

"கணினி வந்த பின்னர் இத்துணைக் கவலை எதற்கு?" என்பார் உளர். கணினி, பிழையான எண்ணையும் சரியான எண்ணையும் ஒரே மரியாதையோடு ஏற்று, இரண்டுக்கும் ஒரே அழகோடு விடை அச்சிட்டுக் கொடுக்கும். அழகிய அச்சைக் கண்டு மயங்குதல் எளிது. ஆதலின் கணினிக் காலத்திலே இக்கவலை பெருகுமேயன்றிக் குறையாது. "இவை பல்கலைக்கழகத்திற் கற்கவேண்டியவை" என்பாரும் உளர். சூத்திரங்களை அங்கே கற்கட்டும். எழுதும்போதே பெயரும் அலகும் மூலமும் குறிக்கும் பழக்கம் பதினைந்து வயதுக்குள் வாராவிடின், பின்னர் வருதல் அரிது.

வன்னி மக்களாகிய நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2009இல் முடிந்த போரிலே இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, பிறப்புச் சான்றிதழையும் காணி அனுமதிப்பத்திரத்தையும் இழந்தவர் எத்தனை பேர்! ஒரு பத்திரத்தில் ஒரு முதலெழுத்தும் மறு பத்திரத்தில் வேறு முதலெழுத்தும் இருந்தமையாற் கந்தோர் வாசலிலே நாட்கணக்காக நின்றவர் எத்தனை பேர்! ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு வரியின் பெறுமதி நமக்குத் தெரிந்த அளவு பிறருக்குத் தெரியாது. அவ்வறிவைத் துயரமாக மட்டும் வைத்திருத்தல் தகாது. கல்வியாக மாற்றுதல் வேண்டும்.

ஆகவே இவ்விழாவை முன்னிட்டு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். நம் கல்லூரிக் கிணற்றிலிருந்து கடைசி வகுப்பறைக் குழாய்வாய் வரையுள்ள நீர்க்குழாய்த் தொகுதி முழுவதையும் பத்தாம் வகுப்பு மாணவர்கள் அளந்து, படம் வரைந்து, கணு எண் இட்டு, ஒரு பதிவேடாக்கட்டும். விட்டம், நீளம், பொருள், பொருத்திய ஆண்டு, அளந்தவர், அளந்த திகதி என்பன அதில் இருக்கட்டும். தெரியாத இடம் வெறுமையாக விடப்படட்டும். படத்தைக் கணித ஆசிரியர் பார்க்கட்டும்; விளக்கக் குறிப்பின் தமிழை யான் திருத்துவேன். பொறியியலாளராயுள்ள பழைய மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வந்து அதனைச் சோதித்துக் கையொப்பம் இடுவார்களாக. பெருஞ் செலவு ஒன்றும் இல்லை. அளவுநாடா ஒன்றும் தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றும் போதும்.

மண்டபம் கட்டித் தந்த பழைய மாணவர்களை நன்றியோடு நினைக்கின்றோம். அம்மண்டபத்தின் அடியிலே எந்தக் குழாய் எவ்வழி செல்கின்றது என்று எழுதிவைக்கும் தலைமுறை ஒன்றை அவர்கள் துணையோடு உருவாக்குவோமாயின், அடுத்த விழா மலரை எழுதுவோர் நம்மையும் நன்றியோடு நினைப்பார்கள்.