அந்தப் பொய்யை ஏன் இன்னும் அழிக்கவில்லை?

மாவு ஆட்டி விற்றுத்தான் என் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைக்கிறேன். எங்கள் நகர்வாசிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் என் கடைப் படத்தைப் போட்டு, “இந்த மாவு புளிக்காமல் இருக்கப் போரிக் பவுடர் கலக்கிறார்கள், குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்” என்று எழுதினார். கலந்ததைப் பார்த்தாரா? இல்லை. வாங்கிச் சோதித்தாரா? அதுவும் இல்லை. கடை வாசலில் வண்டி நிறுத்துவதில் அவருக்கும் எனக்கும் இருந்த சண்டை தெருவுக்கே தெரியும்.

சந்தேகம் இருந்தால் வழியா இல்லை? காசு கொடுத்து வாங்குகிற எவரும் கட்டணம் கட்டி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம் என்று 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. அவர் செய்யவில்லை. கடன் வாங்கி நான் செய்தேன். போரிக் அமிலம் இல்லை என்று வந்த அறிக்கையைக் குழுவில் போட்டேன். நாலு பேர் கும்பிடு பொம்மை போட்டார்கள், அவ்வளவுதான். அதற்குள் பக்கத்து நகர்க் குழுக்களுக்கெல்லாம் பொய் போய்ச் சேர்ந்திருந்தது. தினமும் வாங்கிய வீடுகள் இப்போது என் கடையைத் தாண்டிப் போய் வாங்குகின்றன. என் மகளை வகுப்பில் “விஷ மாவு” என்று கூப்பிடுகிறார்கள். அவள் என்ன பாவம் செய்தாள்?

அட்மின் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். தெருவில் நல்லது கெட்டதுக்கெல்லாம் முதல் ஆளாக வருகிறவர். “அது அவர் கருத்தும்மா, நான் எப்படி அழிக்கிறது? நாளைக்குக் கேஸுன்னு வந்தா என் தலையிலதான் விடியும்” என்றார்.

அண்ணா, உறுப்பினர் போடுவதற்கு அட்மின் பொறுப்பல்ல என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இலேயே சொல்லிவிட்டது. யார் போட்ட செய்தியையும் எல்லாருக்கும் சேர்த்து அழிக்கிற வசதியையும் அதே ஆண்டு வாட்ஸ்அப் உங்கள் கையில் கொடுத்துவிட்டது. மனை விளம்பரம் போட்டவரின் செய்தியை அன்றைக்கே தூக்கினீர்களே! குழு விதியை மீறிவிட்டார் என்றீர்கள். என் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டவர் எந்த விதியையும் மீறவில்லையா?

“நாலு நாளில் மறந்துடுவாங்க” என்றும் சொன்னீர்கள். மறப்பதற்குள் ஒரு வதந்தி என்ன செய்யும் தெரியுமா? 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவள் என்று அடித்தே கொன்றார்கள். அப்போது ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது வாட்ஸ்அப் வதந்தி. அது சுற்றிய குழுக்களுக்கும் அட்மின்கள் இருந்திருப்பார்கள், அண்ணா. அவர்களும் யாரோ போட்டது என்றுதான் விட்டிருப்பார்கள்.

எழுதியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. அந்தப் பதிவை அழியுங்கள். சோதனையில் பொய் என்று தெரிந்ததால் அழித்தேன் என்று உங்கள் பெயரில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். இன்றைக்கே எழுதுங்கள்.