சேரியின் மாலைப் பள்ளிகளுக்கு ஒரு மாநாடு வேண்டும்

1991இல் எங்கள் சேரியில் ஒரு இரவுப் பாடசாலை தொடங்கினோம். அண்ணல் அம்பேத்கர் நூற்றாண்டு. சேரிக்குச் சேரி படிப்பகமும் கொடிக்கம்பமும் முளைத்துக்கொண்டிருந்த நேரம். நாங்கள் மூன்று பேர், மூவரும் பத்தாவது தாண்டியவர்கள். ஒரு ஓலைக் கொட்டகை, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஒரு கரும்பலகை. பொழுது சாய்ந்ததும் நாற்பது பிள்ளைகள் வந்து உட்காரும். பகலில் பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயைத் திறக்காத பிள்ளை, இங்கே வந்து தொண்டை கிழியக் கத்தி வாய்ப்பாடு சொல்லும்.

மூன்று வருஷம் நடந்தது. அப்புறம் நின்றுபோனது. ஊர்க்காரன் வந்து கொட்டகையைக் கொளுத்தவில்லை. போலீஸ் வந்து மிரட்டவில்லை. ஒருவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். ஒருவருக்கு அரசு வேலை கிடைத்தது. நான் மட்டும் மிஞ்சினேன். மண்ணெண்ணெய்க்குக் காசு கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒருநாள் மேண்டில் உடைந்தது. மாற்றி மாட்ட ஆளில்லை. அவ்வளவுதான். அன்றைக்கு ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த பையன்களில் பாதிப்பேர் எட்டாவதைத் தாண்டவில்லை. இன்றைக்கும் என்னைப் பார்த்தால் 'சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தச் சொல் என்னைக் குத்துகிறது.

பல வருஷம் கழித்து ஒரு சாவு வீட்டில் இன்னொரு சேரித் தோழரைச் சந்தித்தேன். எங்களிடமிருந்து நாலு மைல். அவர்களும் அதே வருஷத்தில்தான் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் பள்ளி பதினோரு வருஷம் நடந்திருக்கிறது. "மண்ணெண்ணெய்க்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். "வீட்டுக்கு ஒரு நாள் முறை வெச்சோம்ப்பா. யார் வீட்டு முறையோ அவங்க வெளக்கக் கொளுத்திக் கொண்டாந்து வெக்கணும்." ஆள் போய்விட்டால்? "ஒம்பதாவது படிக்கிற புள்ள மூணாவதுக்குச் சொல்லிக் குடுக்கும். அதுவே பெரிசாகி வாத்தியாராயிடும்." இதில் பெரிய கல்வித் தத்துவம் எதுவும் இல்லை. எங்கள் பள்ளியைச் சாகவிடாமல் காப்பாற்றியிருக்கக்கூடிய இரண்டு யோசனைகள் நாலு மைல் தூரத்தில் இருந்தன. எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கும் எங்களைத் தெரியாது. அந்த மூன்று வருஷத்தில் நானும் அவரும் ஒரே மாநாட்டுக்கு, ஒரே ஊருக்கு, தனித்தனி லாரியில் போய்க் கோஷம் போட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறோம்!

இதை வைத்துத்தான் சொல்கிறேன். சேரிகளில் மாலைப் பள்ளி நடத்துகிறவர்களுக்கென்றே ஒரு மாநாடு வேண்டும்.

நாலு மணிக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கிறது. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை டியூஷனுக்குப் போகிறது, பாட்டு வகுப்புக்குப் போகிறது, கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறது. வீட்டுக்கு வந்தால் சந்தேகம் கேட்கப் படித்த அப்பன், படித்த அம்மா. நம் பிள்ளை தண்ணீர் தூக்குகிறது, தம்பியை இடுப்பில் சுமக்கிறது, ஆட்டை ஓட்டிவருகிறது. வீட்டில் உட்கார்ந்து எழுத இடமில்லை. கேட்டால் சொல்லித்தர ஆளில்லை. தலைமுறை தலைமுறையாகப் படிப்பை மறுத்த சாதி, இன்றைக்குப் பள்ளிக் கதவைத் திறந்துவிட்டு, நாலு மணிக்கு மேல் தன் வேலையைக் காட்டுகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எழுத்தறிவு நூற்றுக்கு 80. பட்டியல் சாதியினரில் 73. இது எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை எல்லாம் சேர்த்த கணக்கு. ஒன்பதாவதிலும் பத்தாவதிலும் உதிர்ந்துபோகிற பிள்ளைகளை இந்தக் கணக்கு காட்டாது.

"டியூஷன் எடுக்கறதெல்லாம் தொண்டு நிறுவனக்காரன் வேலை தோழர், இயக்கத்துக்கு அதுவா வேலை?" என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். வரலாறு தெரியாத கேள்வி. மகாத்மா புலேயும் சாவித்திரிபாயும் 1855இல் புனேயில் உழைக்கும் மக்களுக்காக இரவுப் பள்ளி நடத்தினார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1891இல் நீலகிரியில் கூட்டிய திராவிட மகாஜன சபை மாநாடு நம் பிள்ளைகளின் படிப்புக்காகவும் தீர்மானம் போட்டது. சென்னையில் எல்.சி. குருசாமி அருந்ததியர் பிள்ளைகளுக்காக இரவுப் பள்ளிகள் நடத்தினார். அண்ணல் 1924இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை முதலில் கையில் எடுத்தவை விடுதியும் நூலகமும் படிப்பகமும். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கியபோது, பகலில் வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று காலை வேளையிலேயே வகுப்புகளை வைத்தார்கள். உழைக்கிறவனுக்கு எந்த நேரம் மிச்சமிருக்கிறதோ அந்த நேரத்தில் பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்பது நம் இயக்கத்தின் பழைய பாடம். மாநாடும் நமக்குப் புதிதில்லை. 1942 ஜூலையில் நாகபுரியில் ஒடுக்கப்பட்டோர் மாநாடு நடந்தபோது பெண்களுக்கென்று தனி மாநாடே கூட்டப்பட்டது. அப்படி இருக்க, நம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தருகிற பெண்களுக்கு இன்றுவரை ஒரு மாநாடு இல்லை.

மாநாடு என்றால் எப்படிப்பட்டது? சில வருஷங்களுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனம் நகரத்து ஓட்டலில் நடத்திய 'மாலை நேரக் கல்வி மாநாட்டு'க்குப் போயிருந்தேன். குளிரூட்டிய அரங்கம். மேடையில் அதிகாரிகள், பேராசிரியர்கள், நிதி கொடுக்கிறவர்கள். சொல்லித்தருகிற பெண்களுக்குப் பின்வரிசை. ஆளுக்கு ஒரு பை, ஒரு பேனா. மதியச் சாப்பாட்டுக்கு முன் பதினைந்து நிமிஷம் 'களப்பணியாளர் அனுபவம்' என்று போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்ததால் அந்தப் பதினைந்து நிமிஷமும் போனது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சி மடித்து வைத்திருந்த ஒரு தாளைக் காட்டியது. "பேசச் சொல்லுவாங்கன்னு ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து எழுதியாந்தேன்ண்ணே. பரவால்ல, எங்க புள்ளைங்ககிட்டயே படிச்சுக் காட்டிக்கிறேன்."

அந்தத் தாளை வாங்கிப் படித்தேன். அதில் மூன்று கேள்விகள். ஒன்று, பிள்ளைகள் மத்தியானம் சாப்பிட்டதோடு வருகிறார்கள், ஏழு மணிக்குப் பசியில் தூங்கி விழுகிறார்கள், என்ன செய்வது? இரண்டு, எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பெண் பிள்ளைகள் இருட்டினால் வருவதில்லை, வழி ஊர்த்தெரு ஓரமாகப் போகிறது, பையன்கள் கேலி பேசுகிறார்கள், என்ன செய்வது? மூன்று, நடவுக் காலத்தில் நானும் கூலிக்குப் போக வேண்டும், அந்த இருபது நாளும் பள்ளியை யார் நடத்துவது? அன்று முழுக்க மேடையில் பேசிய எவரும் இந்த மூன்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. மாநாட்டுக்கு நிகழ்ச்சி நிரல் வேண்டுமென்றால் அந்தத் தாளே போதும்.

அவர்களை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? நம் மாநாடுகளிலும் மாலைக்கும் பொன்னாடைக்கும் போகிற நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். பேசுகிறவர்கள் எல்லாம் ஆண்கள். சோறாக்குகிறவர்களும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவர்களும் பெண்கள். இந்த மாநாட்டை வேறு மாதிரி நடத்த வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கூடக்குறைய இருந்தால் திருத்துங்கள்.

மாநில மாநாடு இப்போதைக்கு வேண்டாம். ஒரு வட்டத்துக்கு ஒன்று போதும். காலையில் பஸ் ஏறி வந்து பொழுதோடு வீடு திரும்புகிற தூரம்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெண்கள் வர முடியாது. ஓட்டலும் வேண்டாம், கல்யாண மண்டபமும் வேண்டாம். ஒரு சேரிக்குள்ளேயே வைப்போம். பள்ளிக்கு மூன்று பேர்: சொல்லித்தருகிறவர் ஒருவர், ஒரு தாய், பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்று. பஸ் காசை மாநாடு கொடுக்க வேண்டும். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்காகத் தூளி கட்ட இடமும் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். தலைவர்கள் வரட்டும். மற்றவர்களோடு தரையில் உட்கார்ந்து கேட்கட்டும். கடைசியில் கால் மணி நேரம் பேசட்டும்.

நின்றுபோன பள்ளிகளின் ஆட்களையும் தேடிப்பிடித்து அழைக்க வேண்டும். நடக்கிற பள்ளியைக் காட்டிப் பெருமை பேசுவது சுலபம். நின்றுபோன பள்ளி ஏன் நின்றது என்று சொன்னால்தான் அடுத்தவன் பிழைப்பான். என்னைப்போல வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டிருக்கிற எத்தனையோ 'சார்'கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் கொட்டகைக்கு நாற்பது பிள்ளைகள் வந்தார்கள் என்றேன். ஏரிக்கரை இருளர் குடிசைகளிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. நாங்கள் போய்க் கூப்பிடவும் இல்லை. அம்பேத்கர் பெயரை எழுதி வைத்துக்கொண்டு அதைச் செய்தோம். மாநாட்டில் இருளர், அருந்ததியர் குடியிருப்புகளிலிருந்து ஆள் வரவில்லையென்றால் அது நம் மாநாடு இல்லை.

நாளைப் பொறுத்தவரை, ஏப்ரல் கடைசி ஞாயிறு என்கிறேன். காரணம் இருக்கிறது. அண்ணல் பிறந்தநாள் கூட்டங்கள் முடிந்து ஆட்கள் கூடியிருக்கிற சமயம். ஆண்டுத் தேர்வும் அநேகமாக முடிந்திருக்கும். அடுத்து வருகிறது மே 1, கிராம சபை நாள். மாநாட்டுத் தீர்மானத்தைக் கையோடு கொண்டுபோய் அங்கே வைக்கலாம். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஒரு மாதம் கையில் இருக்கிறது.

காலையில் பத்துப் பத்துப் பேராக மரத்தடியில் உட்கார வேண்டும். பசிக்கு ஒரு வட்டம், பெண் பிள்ளைகள் வருவதற்கு ஒரு வட்டம், ஆள் மாற்றுக்கு ஒரு வட்டம், காசுக்கு ஒரு வட்டம். மத்தியானம் பேச்சே கூடாது. சொல்லித்தந்து காட்ட வேண்டும். பின்னக் கணக்கை ஒருவர் எப்படிச் சொல்லித்தருகிறார், எழுத்துக்கூட்டத் தெரியாத ஏழாவது வகுப்புப் பையனை இன்னொருவர் எப்படி வாசிக்க வைத்தார் என்பதைப் பிள்ளைகளை உட்கார வைத்தே நடத்திக் காட்டட்டும். செலவுக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசியும் பத்து ரூபாயும். கலைவதற்கு முன் வரவு செலவை எல்லோர் முன்னாலும் படித்துவிட வேண்டும். கணக்குக் காட்டாத இயக்கத்தை நம்பி எந்தத் தாயும் இரண்டாம் தடவை அரிசி போடமாட்டாள்.

தீர்மானம் இருபத்தைந்து வேண்டாம். மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொறுப்பாளி பெயரும் முடிக்கிற தேதியும் இருக்க வேண்டும். முதல் தீர்மானம், அரசுப் பள்ளிக் கட்டடத்தை மாலையில் திறந்துவிடச் சொல்வது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அந்த நாற்காலியில் நம் தாய்மார்கள் உட்கார்ந்து இதைக் கேட்க வேண்டும். இரண்டாவது, மாலைச் சிற்றுண்டிக்கும் சொல்லித்தருகிறவர்களின் ஊதியத்துக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிக்கான நிதியிலிருந்து பணம் கேட்பது. 2024இல் இதற்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்துவிட்டது. மூன்றாவது நமக்கு நாமே போட்டுக்கொள்வது. இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு, முறை வைத்து ஒவ்வொரு சேரியிலும் கூடுவது, நடவுக் காலத்தில் ஒரு பள்ளிக்கு இன்னொரு பள்ளி ஆள் அனுப்புவது.

"அரசு செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2021 அக்டோபரில் அரசே 'இல்லம் தேடிக் கல்வி' என்று மாலை மையங்களைத் தொடங்கியது. தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, மாலை நேரம் என்று ஒன்று இருப்பது அரசுக்கும் தெரிந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் நான் பார்த்தது இது: மையம் ஊர்த்தெருவில் இருந்தால் நம் பிள்ளை கூசிக்கொண்டு போகாது, சேரியில் இருந்தால் ஊர்ப் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். எந்தத் திட்டம் வந்தாலும் அது சேரிக்குள் நுழைகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். நுழையாவிட்டால் கேட்கக் கூட்டம் வேண்டும். தனித்தனியாக விளக்கைக் கொளுத்திக்கொண்டிருக்கிற வரையில் நாம் யாரையும் கேட்க முடியாது. பகல் பள்ளியை ஒழுங்காக நடத்து என்று அரசைக் கேட்பதற்கும் இந்தக் கூட்டம்தான் வேண்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கையையும் வெட்டினார்கள். நம் பிள்ளை நன்றாகப் படிப்பது இன்னும் அவர்களுக்கு எரிகிறது. அவ்வளவு எரிகிற ஒன்றை நாம் ஏன் மேண்டில் உடைந்ததற்காக நிறுத்தினோம்?

அந்தத் தங்கச்சியின் பள்ளி இன்னும் நடக்கிறது. போன நடவுக்கு இருபத்திரண்டு நாள் மூடிக்கிடந்ததாம். அடுத்த நடவுக்குள் பக்கத்துச் சேரியிலிருந்து அதற்கு ஒரு ஆள் கிடைக்க வேண்டும். உங்கள் சேரியில் மாலைப் பள்ளி நடந்தால், அல்லது நடந்து நின்றுபோயிருந்தால், முதலில் பக்கத்துச் சேரிக்கு நடந்துபோய் "உங்களிடம் எப்படி?" என்று கேளுங்கள். மாநாட்டு வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.